வீட்டு வாசலுக்கு வந்த பஸ்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது அல்ல. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டிய நேரத்தில், நான் ஐந்து சொற்கள் பேசினேன். அதிலிருந்து பிறந்தது. அந்த ஐந்து சொற்களால் ஒரு குடும்பம் ஊரைவிட்டே கிளம்ப வேண்டி வந்தது, ஒரு பெண்ணுக்குப் படிப்பில் ஒரு வருஷம் போனது, என் அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. இருபது வருஷமாக எழுதுகிறேன். என் சொல் எதற்கும் இதுவரை இவ்வளவு பலன் இருந்ததில்லை.

அக்கா போலீஸ் ஆய்வாளர். குண்டர் கும்பல்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் உயிரோடு வைத்திருப்பதுதான் அவளுடைய பிரிவின் வேலை. வேறு ஊர், வேறு பெயர், வேறு பிழைப்பு எல்லாம் கொடுத்து, "இவர்கள் நேற்றும் இப்படித்தான் இருந்தார்கள்" என்று உலகத்தை நம்பவைக்க வேண்டும். அதாவது அவளும் கதை எழுதித்தான் சம்பளம் வாங்குகிறாள். என்ன, அவளுடைய கதை சரியில்லை என்றால் ஆள் செத்துப்போவான். என்னுடையது சரியில்லை என்றால் ஆசிரியர் திருப்பி அனுப்புவார்.

இந்தக் கதையை அவள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்துவிட்டாள். நடுவில் எங்காவது வாக்கியம் பாதியில் நின்றால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். அது அக்கா.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"இருள் கவிந்த சந்தில், இடுப்புத் துப்பாக்கியின் மேல் கையை வைத்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு அவள்"

அக்கா இந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "இடுப்புல துப்பாக்கியா? எனக்கு இடுப்புல வலிதான்டா இருக்கு. துப்பாக்கி பீரோவுக்குள்ள கிடக்கு. சாவி டைப்பிஸ்ட் அம்மாகிட்ட இருக்கு."

இரண்டாவது தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது."

(இதை நானே அடித்துவிட்டேன். மழையைப் பற்றிப் பேச எனக்கு இப்போது அருகதை கிடையாது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.)

மூன்றாவதை அக்கா விட்டுவைத்தாள். இதுதான்:

அந்த அறையின் கதவில் "பழைய கோப்புகள்" என்று எழுதியிருக்கும். உள்ளே இரண்டு மேசைகள், ஓர் இரும்பு பீரோ, சுற்றும்போதெல்லாம் டக்டக்கென்று சொடுக்கும் ஒரு மின்விசிறி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. ஒரு மேசையில் சாதாரண உடையில், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அக்கா உட்கார்ந்து பொய் எழுதிக்கொண்டிருப்பாள். இன்னொரு மேசையில் டைப்பிஸ்ட் அம்மா. ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. எதற்கும் ஆச்சரியப்படாத பெண்மணி.

அக்கா எழுதும் பொய்க்கு அங்கே "தாள்" என்று பெயர். பாதுகாக்கப்படும் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கத்தில் ஒரு தாள். எங்கே பிறந்தார், அப்பா என்ன வேலை பார்த்தார், எந்தப் பள்ளி, ஏன் இந்த ஊருக்கு வந்தார். இதை அந்தக் குடும்பம் மூன்று வாரம் மனப்பாடம் செய்ய வேண்டும்.

நல்ல தாளுக்கு ஒரே இலக்கணம்தான்: கேட்டவனுக்கு ஒன்றும் நினைவில் நிற்கக் கூடாது. நினைவில் நின்றால் வீட்டில் போய்ச் சொல்வான். வீட்டில் இருப்பவர்கள் கடையில் சொல்வார்கள். அது எங்கெங்கேயோ சுற்றி, எந்தக் காதுக்குப் போகக் கூடாதோ அந்தக் காதுக்குப் போய்விடும். அதனால் எழுதி முடித்த தாளைக் காலையில் டைப்பிஸ்ட் அம்மாவிடம் படிக்கக் கொடுப்பார்கள். சாயங்காலம் கிளம்பும்போது கேட்பார்கள்.

"என்னம்மா, அந்தத் தாள்ல என்ன இருந்துச்சு?"

"யாரோ ஒரு ஆளு. எங்கயோ வேலை பார்த்தாரு. அப்புறம் எங்கயோ போனாரு."

இப்படிச் சொன்னால் தாள் பாஸ். ஏதாவது ஒன்றை அந்த அம்மா ஞாபகமாகச் சொல்லிவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத வேண்டும்.

இதை என்னிடம் சொன்ன அன்று, என் சிறுகதைகளில் மூன்றை டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் படிக்கக் கொடுத்துப் பார்த்ததாகவும் அக்கா சொன்னாள். "மூணும் பாஸ்டா," என்றாள். பாசமாகத்தான் சொன்னாள்.

3

இப்போது சாட்சி. பிரிவில் அவருக்கு வைத்த செல்லப் பெயர் ரேடியோ. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

ஒரு பெரிய கடைத்தெருவையே ஒரு கும்பல் தன் பிடியில் வைத்திருந்தது. பணிய மறுத்த ஒரு தையல்காரரை மத்தியானம் மூன்று மணிக்கு, பட்டப்பகலில், அவருடைய மெஷின் முன்னாலேயே வெட்டினார்கள். அந்த நேரத்தில் தெருவில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். போலீஸ் கேட்டபோது ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். எதிர்க்கடைக்காரர் ஒருவர் மட்டும் வாயைத் திறந்தார். திறந்தவர் மூடவே இல்லை. யார் வந்தது, எத்தனை பேர், யார் கையில் எது, யார் போகும்போது செருப்பை விட்டுவிட்டுப் போனது, எல்லாவற்றையும் நீதிமன்றத்தில் இரண்டு நாள் சொன்னார். நீதிபதியே, "போதும்யா" என்றாராம். நான்கு பேர் உள்ளே போனார்கள். வெளியே இருக்கும் மிச்சப் பேர் ரேடியோவைத் தேட ஆரம்பித்தார்கள்.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ரேடியோ வாயைத் திறந்தது வீரத்தாலா, பழக்கதோஷத்தாலா? அக்காவிடம் கேட்டேன். "செத்தவரோட பொண்டாட்டி அத கேக்கலயே. நீ ஏன் கேக்கற?" என்றாள். சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.)

ரேடியோ, அவருடைய மனைவி, பத்தாம் வகுப்பு முடித்திருந்த மகள், இந்த மூன்று பேருக்கும் அக்கா தாள் எழுதினாள். அற்புதமான தாள். ரேடியோவின் அப்பா ஒரு கிடங்கில் எடை போடுகிறவர், காய்ச்சலில் இறந்தார். டைப்பிஸ்ட் அம்மாவுக்குச் சாயங்காலம் அப்படி ஒரு தாள் வந்ததே ஞாபகம் இல்லை.

பயிற்சிக்கு ஒரு வீடு இருந்தது. ஊர்வம்பு கேட்கும் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி அக்கா கதவைத் தட்டி உள்ளே வந்து உட்காருவாள்.

"உங்க அப்பா என்ன பண்ணிட்டு இருந்தாருங்க?"

"கிடங்குல எடை போட்டுட்டு இருந்தாருங்க," என்றார் ரேடியோ. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "எடைன்னா சாதாரண எடைன்னு நினைச்சிராதீங்க. ஒரு தடவ சர்க்கஸ்காரங்க ஒரு யானைய கூட்டிட்டு வந்து..."

"யானையா? தாள்ல யானை எங்க இருக்கு?"

"சும்மா எடை போட்டார்னு சொன்னா யாரு மேடம் கேப்பாங்க?"

"யாரும் கேக்கக் கூடாதுங்கறதுக்குத்தான் எழுதிருக்கு!"

ரேடியோவின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதே கூத்துதான் மேடம். தூக்கத்துலயும் பேசுவாரு. நான் சாட்சி."

யானையோடு போயிருந்தால் அக்கா சமாளித்திருப்பாள். நான்காம் நாள் யானை தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியான அக்கா இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டதும், கிடங்கில் எடை போட்ட அப்பா மெல்ல நகர்ந்துபோய், அந்த இடத்தில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். ஒற்றைக் கண்ணோடு கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். கடைத்தெரு முழுவதற்கும் தெரிந்தவர். ரேடியோவின் நிஜ அப்பா.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. இந்த மனுஷனைச் சும்மா இருக்கவைக்க முடியாது. கையில் இருக்கும் பொய் தீர்ந்தால் நிஜத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார். புது ஊரில் ஒரே ஒரு ஆள் அந்த ஒற்றைக் கண் கடிகாரக்காரரைப் பற்றிக் கேட்டுவிட்டு வெளியே போய்ச் சொன்னால் போதும், மூன்று பேரின் கதையும் முடிந்தது.

4

இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளன் ஒரு பக்கத்துக்கு மனப்போராட்டம் எழுதுவான். நானும் எழுதினேன். "கடமைக்கும் இரக்கத்துக்கும் நடுவே அவள் உள்ளம்" என்று ஆரம்பித்து, "ஊசலாடி" என்பதற்குள் அக்காவின் பென்சில் வந்துவிட்டது. ஓரத்தில், "அப்படியெல்லாம் ஒண்ணும் ஆடல. டீ குடிச்சேன்," என்று எழுதியிருந்தாள்.

சரி. டீ குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கேளுங்க," என்றாள். "உங்க அப்பா கிடங்குல வேலை பார்க்கல. பஸ் டிரைவர்."

அப்புறம் எங்கள் அப்பாவின் கதையைச் சொன்னாள்.

கதை இதுதான். அக்காவுக்கு அன்று பள்ளி இறுதிப் பரீட்சை. பரீட்சைப் பள்ளி வாசலுக்குப் போன பிறகுதான் ஹால் டிக்கெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. உள்ளே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அழுதுகொண்டு ரோட்டுக்கு ஓடி வருகிறாள், எதிரில் அப்பா ஓட்டிக்கொண்டு வரும் பஸ். நடுரோட்டில் நின்று கையை நீட்டி மறித்து, விஷயத்தைச் சொன்னாள். அப்பா இறங்கவில்லை, திட்டவில்லை. ஜன்னல் வழியாக ஒரே கேள்வி: "எங்க வச்ச?" "செருப்பு அலமாரி மேல." "ஏறு."

முப்பது முப்பத்தைந்து பயணிகளோடு பஸ்ஸைத் திருப்பினார். போக வேண்டிய வழியை விட்டுவிட்டு, ஆட்டோ நுழையவே யோசிக்கும் எங்கள் தெருவுக்குள் பஸ்ஸை விட்டு, வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரனை அடித்தார். அம்மா வெளியே வந்து பார்த்தால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பஸ் நிற்கிறது. டிக்கெட் கைக்கு வந்தது. ஆனால் பஸ்ஸைத் திருப்ப இடமில்லை. அதுவரை கத்திக்கொண்டிருந்த பயணிகள்தான் கொட்டும் மழையில் இறங்கிப் பின்னால் நின்றுகொண்டு, "வா வா வா, ஒடி, இன்னும் ஒடி" என்று வழி சொன்னார்கள். எதிர்வீட்டுச் சுவரின் முனை பெயர்ந்தது. எதிர்வீட்டுக்காரரும் அந்த பஸ்ஸில்தான் வந்திருந்தார். அவரும் சேர்ந்து, "போகட்டும், நீ வா" என்றார். மணி அடிக்க நான்கு நிமிஷம் இருக்கும்போது அக்காவைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டார்.

மறுநாள் மெமோ வந்தது. நிர்ணயித்த தடத்தை விட்டு விலகியது ஏன், விளக்கம் தருக. அப்பா ஒரே வரியில் பதில் எழுதினார்: "மகளின் அனுமதிச் சீட்டு வீட்டில் இருந்தது." அம்மா அந்த மெமோவையும் அக்காவின் மதிப்பெண் பட்டியலையும் ஒரே உறையில் போட்டு வைத்திருந்தாள். இப்போதும் இருக்கிறது. அப்பாதான் இல்லை.

ரேடியோ வாயைத் திறக்காமல் ஒரு கதையை முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தானாம். அவர் மனைவி கடிகாரத்தைப் பார்த்தாளாம்.

முடிந்ததும் அவர் கேட்டார்: "மேடம், இது உங்க அப்பாங்களா?"

"இல்ல," என்றாள் அக்கா. "இப்போ உங்க அப்பா. பரீட்சை எழுதுனது உங்க தங்கச்சி. வேற எதயும் மாத்தாதீங்க. யானை கீனை வரக் கூடாது. வாய் நமநமன்னா இத சொல்லுங்க. எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுங்க."

புதுத் தாள் மறுநாள் காலையில் டைப்பிஸ்ட் அம்மாவிடம் போனது. சாயங்காலம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தானாகவே வந்தாள். "அந்த மனுஷன் பஸ்ஸ திருப்புனாரே, அடடா," என்றாள். சுவர் முனை முதல் மெமோவின் பதில் வரை ஒரு வரி விடாமல் சொன்னாள்.

விதிப்படி தாள் ஃபெயில். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் முதல் தடவையாக அக்கா ஃபெயிலான தாளில் கையெழுத்துப் போட்டாள்.

5

(இந்தப் பகுதியில் ரேடியோவின் குடும்பம் புது ஊருக்குப் போனதும், கண்ணாடிக் கடை வைத்ததும் விவரமாக இருந்தன. நான்கு பக்கம். அக்கா மொத்தமாக எடுத்துவிட்டாள். கடை இருந்த தெருவை எழுதக் கூடாது, கடையின் வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்று எழுதக் கூடாது. "அப்படின்னா கண்ணாடிக் கடைன்னு மட்டும் எழுதலாமா?" என்று கேட்டேன். "எழுதிக்கோ. அதுதான் பொய்யாச்சே," என்றாள். அது கண்ணாடிக் கடை இல்லை. நான் கண்ணாடி போடுகிறவனும் இல்லை. ஆனாலும் இதற்குமேல் அதைக் கண்ணாடிக் கடை என்றே சொல்லப்போகிறேன். நீங்களும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.)

ஒன்று மட்டும் விட்டுவைத்தாள். இரண்டு வருஷம் அந்தக் கதை ரேடியோவைக் காப்பாற்றியது. யார் எது கேட்டாலும் பஸ் கதை வந்தது. பஸ்ஸைப் பற்றிப் பேசிப் பேசியே அவர் கடைத்தெருவைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவருடைய மகளுக்குக்கூட அந்தத் தாத்தாவைப் பிடித்துப்போயிற்று. பள்ளியில் தோழிகளிடம் சொன்னாளாம்.

6

என் முறை வருகிறது. இங்கே நான் கொஞ்சம் குள்ளமாகத்தான் தெரிவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊருக்கு நான் போனது என் புத்தக வெளியீட்டுக்கு. பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மறுநாள் காலை, ஊர் திரும்பும் முன், கண்ணாடியின் திருகாணி கழன்றுவிட்டது. பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு கடையில் நுழைந்தேன்.

கடைக்காரர் குட்டி ஸ்க்ரூடிரைவரோடு குனிந்து என் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண்மணி ஒவ்வொரு ஃப்ரேமாகப் போட்டுப்போட்டுக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு எங்கிருந்தோ பரீட்சைக்கு வந்தது. அவர் மகளுக்கு இன்னும் பதினொரு நாளில் பள்ளி இறுதிப் பரீட்சை.

"பரீட்சைன்னதும் எங்க அப்பா ஞாபகம்தாங்க வருது," என்றார். "அவரு பஸ் டிரைவர். எங்க தங்கச்சி ஹால் டிக்கெட்ட வீட்லயே வச்சிட்டா. செருப்பு அலமாரி மேல..."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அது எங்கள் அப்பாவின் கதை. நான் இன்னும் எழுதாத கதை! ஒருநாள் என் பெரிய நாவலின் கடைசி அத்தியாயமாக வைக்கப் போகிறேன் என்று இருபது வருஷமாகப் பொத்திப்பொத்தி வைத்திருந்த கதை. இந்த ஆள் என்னவோ தன் சொத்து மாதிரி எடுத்து விடுகிறான். சரி, எங்கேயோ கேட்டுத் திருடியிருக்கிறான், சரியாகவாவது சொல்கிறானா பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"...பயணிங்க எல்லாரும் இறங்குனாங்க. அன்னைக்குப் பாருங்க, கொட்டுற மழை..."

"மழை இல்லீங்க, அன்னைக்கு நல்ல வெயில்," என்றேன்.

இவைதான் அந்த ஐந்து சொற்கள்.

ஸ்க்ரூடிரைவர் நின்றது. பெண்மணி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "அட, உங்களுக்கு எப்படிங்க தெரியும்? ரெண்டு பேருக்கும் ஒரே அப்பாவா?"

கடைக்காரரும் சிரித்தார். கை நடுங்கியது. திருகாணியை முடுக்கி, துடைத்து, என்னிடம் நீட்டினார். "சரியா இருக்கா பாருங்க சார்," என்றார். போட்டுப் பார்த்தேன். அவர் முகம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. வெளுத்துப்போயிருந்தது. குட்டு உடைந்துவிட்டதால் வெளுத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, வெற்றிவீரனாக வெளியே வந்தேன். மடையன், மடையன்.

வெளியே வந்த கையோடு அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, அநியாயம் கேளு! ஒருத்தன் நம்ம அப்பா கதைய திருடிட்டான்!"

அந்தப் பக்கம் மின்விசிறி மட்டும் சொடுக்கிக்கொண்டிருந்தது.

"எந்த ஊர்ல இருக்க?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"அவர்கிட்ட என்ன சொன்ன?"

சொன்னேன்.

"கடைல வேற யாரு இருந்தா?"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு மெல்ல உறைக்க ஆரம்பித்தது.

7

அந்தப் பெண்மணி யார்? ஃப்ரேம் வாங்க வந்த யாரோ ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அப்படித்தான். அக்காவின் வேலையில் அந்த மிச்ச ஒன்றுக்குத்தான் சம்பளம். ஒருவரின் முன்கதையை மூன்றாம் ஆள் காதுபட யாராவது மறுத்துப் பேசிவிட்டால் அடுத்த நாளே இடம் மாற்ற வேண்டும் என்பது விதி. நான் போனை வைப்பதற்குள் ரேடியோவும் பிரிவுக்குப் பேசிவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டுச் சாமான் ஏற்றும் லாரி அவர்கள் வாசலில் வந்து நின்றது. ("பத்து மணிக்கா? ஊரே பார்க்குமே!" என்றேன். "ராத்திரில சாமான் ஏத்துனாத்தான்டா ஊர் பார்க்கும்," என்றாள் அக்கா.) ரேடியோவின் மனைவி இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு சிநேகிதியைச் சம்பாதித்திருந்தாள். அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் லாரியில் ஏறினாள். மகள் பாடப்புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம் படித்தாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"உனக்கு யாரு சொன்னா அன்னைக்கு வெயில்னு?"

"யாரு சொல்லணும்? நான்தான் வாசல்ல நின்னு பார்த்தேனே. பஸ் கண்ணாடில வெயில் பட்டு பளீர்னு..."

"நீ அன்னைக்கு வீட்லயே இல்லடா."

"என்னக்கா சொல்ற?"

"உனக்கு அம்மை போட்டிருந்துச்சு. எனக்கு ஒட்டிக்கும்னு பரீட்சை முடியற வரைக்கும் உன்ன சித்தி வீட்ல விட்டிருந்தாங்க. உனக்கு ஆறு வயசு. அன்னைக்கு மழைதான். நான் நனைஞ்சுக்கிட்டேதான் பரீட்சை எழுதுனேன். பேப்பர்ல சொட்டுச்சு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பஸ் கண்ணாடியில் பட்ட வெயில் எனக்கு இப்போதும் தெரிகிறது. எப்போது அதை அங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை. நான் பார்க்காத ஒன்றை, நானே கட்டிய ஒன்றை, ஒரு மனுஷனின் உயிரைவிடப் பெரிதாக நினைத்துத் திருத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"அந்தப் பொண்ணு பரீட்சை?" என்று கேட்டேன்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் கொடுத்த டீயைக் குடிக்கவில்லை.

8

முடிவுகள்.

முடிவு ஒன்று: புதுப் பெயரில் அந்தப் பெண்ணுக்கு ஹால் டிக்கெட் தயாராகிறது. பரீட்சையன்று காலை அது தலைமை அலுவலகத்தில் சிக்கிக்கொள்கிறது. அக்கா அரசாங்க ஜீப்பைத் தடம் மாற்றி, சைரன் அலற, மணி அடிக்க நான்கு நிமிஷம் இருக்கும்போது

"அழகா இருக்கு," என்றாள் அக்கா. "ஆனா அந்தப் பொண்ணு பரீட்சை எழுதல. பதினொரு நாள்ல புதுப் பேருக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழ் வாங்க முடியாது. நான் கேட்டுப் பார்த்தேன், நாலு கதவு தட்டுனேன். அடுத்த வருஷம் எழுதட்டும்னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். தன் மகளுக்கு ஒரு வருஷம் போகக் கூடாது என்று பஸ்ஸையே திருப்பியவரின் மகன், இன்னொருவர் மகளுக்கு ஒரு வருஷத்தைப் போக்கிவிட்டேன். இதை அழகாக எழுத எனக்கு வழி தெரியவில்லை.

முடிவு இரண்டு: அக்காவுக்கு மெமோ வருகிறது. நிர்ணயித்த விதியை விட்டு விலகியது ஏன், விளக்கம் தருக. அவளும் ஒரே வரியில் பதில் எழுதுகிறாள்.

இது உண்மையிலேயே நடந்தது. "சாட்சியின் வாய்க்கு வேறு வழி இருக்கவில்லை," என்று எழுதினாள். பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது. ஆனால் இதில் கதை முடிந்தால் இது அக்காவின் கதையாகிவிடும். "ரேடியோ என்ன ஆனாரு, அத எழுது," என்றாள்.

முடிவு மூன்று: ரேடியோவுக்குப் புது ஊர், புதுத் தாள். அப்பா ஒரு அச்சகத்தில் காகிதம் மடிப்பவர். டைப்பிஸ்ட் அம்மாவுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. ரேடியோ தாளைப் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"மேடம், அந்த அப்பாவ எடுத்துடாதீங்க," என்றார்.

"எடுத்தாச்சு. இனிமே சொல்லக் கூடாது."

"தாள்ல போட வேணாம். ஆனா நான் சொல்லுவேன் மேடம். சொல்லாம இருக்க முடியாது. எம் பொண்ணும் சொல்லுவா. அவளுக்கு இப்போ அவருதான் தாத்தா."

அவருடைய நிஜ அப்பாவைப் பற்றிப் பேசினால் சாவு. பொய் அப்பாவைப் பற்றிப் பேசினாலும் இப்போது சாவு. பேசாமல் இருக்க அவரால் முடியாது. அக்கா யோசித்தாள். (டீ குடித்தாள்.) அப்புறம்தான் என்னிடம் மறுபடி வந்தாள்.

9

"நீ எழுது," என்றாள்.

"எத?"

"அப்பா கதைய. பத்திரிகைல வரட்டும். ஒருத்தர் மட்டும் சொன்னாத்தான் அது அடையாளம். ஊரெல்லாம் சொன்னா யார வச்சு யார பிடிப்பான்?"

"என் கதைய யாருக்கா படிக்கப் போறா?"

"அதான் எனக்கும் கவலை."

பஸ் கதையை மட்டும் தனியாக, ஒழுங்காக, ஏழு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அக்கா காலையில் டைப்பிஸ்ட் அம்மாவிடம் கொடுத்தாள். சாயங்காலம் கேட்டாள். "ஏதோ ஒரு வண்டி வந்துச்சு," என்றாளாம் அந்த அம்மா. அதே கதையை அக்காவின் தாளில் படித்தபோது மூக்கை உறிஞ்சியவள்!

அதனால்தான் இந்த ஏற்பாடு. நடந்த கோளாறு முழுவதையும் சேர்த்து எழுதினேன். இதைப் படித்துவிட்டு அந்த அம்மா சாயங்காலம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். "அந்தத் தம்பிதான் சரியான லூசு," என்று சேர்த்துக்கொண்டாளாம். ஆக, இந்தத் தடவை நான் ஃபெயில். எழுத ஆரம்பித்து இருபது வருஷத்தில் முதல் ஃபெயில்.

உங்களில் கெட்டிக்காரர்கள் இந்நேரம் கேட்டிருப்பீர்கள்: இப்படி அச்சில் போட்டுவிட்டால் தேடுகிறவர்களும் படிப்பார்களே, எங்காவது ஒருவர் பஸ் கதை சொன்னால் அவர்தான் என்று கண்டுபிடித்துவிடுவார்களே? ஆமாம். ரேடியோ ஒருவர் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். இன்றைய தேதிக்கு அவர் நேற்றைவிட ஆபத்தில் இருக்கிறார். அந்த ஆபத்தை அக்காவும் நானும் சேர்ந்து உங்கள் கையில் கொடுத்திருக்கிறோம். கேட்காமல் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும்.

அதனால் முடிவை நான் எழுதவில்லை. நீங்கள்தான் வாயால் சொல்ல வேண்டும். நாளைக்கே சொல்லுங்கள். முடிதிருத்தும் கடையில், அலுவலக மாடிப்படியில், மருத்துவமனை வரிசையில், முன்பின் தெரியாதவரிடம். உங்கள் அப்பாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்றாலும் பரவாயில்லை. இந்தக் கதையைப் படித்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் அப்பா என்றே சொல்லுங்கள். செருப்பு அலமாரி வேண்டும், சுவர் முனை வேண்டும், மெமோவின் பதில் கட்டாயம் வேண்டும். மழையா வெயிலா என்பது உங்கள் இஷ்டம். நடுவில் எவனாவது புகுந்து திருத்தினால் விடாதீர்கள், சண்டை போடுங்கள்.

நான் இனிமேல் சொல்லப்போவதில்லை. அக்காவிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அந்த அப்பா எனக்கு வேண்டும்தான். ஆனால் நான் அன்றைக்குச் சித்தி வீட்டில் இருந்தேன்.

உங்களுக்கு எதிரில் யாராவது சொல்லிக்கொண்டிருந்தால், அவருக்கு அப்போது கொஞ்சம் கை நடுங்கினால், "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் முடித்ததும் நீங்கள் ஆரம்பியுங்கள்:

"அட, எங்க அப்பாவும் ஒரு நாள் பஸ்ஸ